ஏடேறாத உழைப்பு

நாங்குநேரி வட்டாரத்தில் ஒரு குடும்பத்தின் தொழில் யாது என்று கேட்டால், ஒரே சொல்லில் விடை கிடைப்பது அரிது. தாமிரபரணிக் கால்வாய்கள் பாயும் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கங்களில் காரும் பிசானமுமாக இரு போகம் விளையும். நமது வட்டாரமோ பெரும்பாலும் குளத்தையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பியது. 1958-இல் மணிமுத்தாறு அணை கட்டி முடிக்கப்பெற்று, அதன் பெருங்கால்வாய் இப்பக்கத்துக் குளங்களை நோக்கி வந்த பின்னரும், கடைசிக் குளத்திற்குத் தண்ணீர் எட்டுவது அந்தந்த ஆண்டின் மழையைப் பொறுத்ததாகவே இருந்து வருகிறது. ஆகையால் வயலில் வேலையில்லாத மாதங்களில் குடும்பத் தலைவர் வாழைத்தார் சுமக்கப் போகிறார். மனைவி பீடி சுற்றுகிறார். மகன் சென்னையிலோ மும்பையிலோ ஒரு கடையில் நிற்கிறான். மகள் கோவைப் பக்கத்து நூல் ஆலைக்குப் போய்விடுகிறாள். வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி போன்ற நெசவூர்களில் இவற்றோடு தறியும் சேர்ந்துகொள்கிறது.

இத்தனை வேலைகளுக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. வேலை நடக்கிறது, கூலியும் ஏதோ ஒரு வகையில் வந்து சேருகிறது, வேலை செய்தவரின் பெயர் மட்டும் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. பொருளாதார நூலார் இதனை முறைசாரா வேலை என்பர். அரசாங்கக் காகிதங்களில் அமைப்புசாராத் தொழில் என்று வழங்கும். சொல் எதுவாயினும் பொருள் ஒன்றே: வைப்பு நிதி இல்லை, ஓய்வூதியம் இல்லை, நோயுற்றால் விடுப்பு இல்லை, நாளை முதல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டால் ஏன் என்று கேட்க ஓர் இடமும் இல்லை. இதனைப் பற்றி நமது சங்கத்து அங்கத்தினர்கள் அறிந்துகொள்ள வேண்டியவற்றை ஈண்டு எழுதுகிறோம். இது யாரோ பிறருடைய விஷயம் என்று அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நமது சங்கக் கட்டடத்திற்குள்ளேயே இது குடியிருக்கிறது என்பதைப் பின்னர்க் காட்டுவோம்.

இக்கருத்தின் வரலாறு நீண்டதன்று. 1954-இல் ஆர்தர் லூயிஸ் என்னும் பொருளாதார அறிஞர், வளர்ந்து வரும் நாடுகளில் வயலிலும் சில்லறைத் தொழில்களிலும் தேங்கி நிற்கும் மிகுதியான உழைப்பாளிகளைப் புதிய ஆலைகள் சிறிது சிறிதாக ஈர்த்துக்கொள்ளும் என்று கணித்தார். ஆலைகள் பெருகின, தேக்கம் வற்றவில்லை. 1970-களின் தொடக்கத்தில் கீத் ஹார்ட் என்பவர் கானா நாட்டின் அக்ரா நகரில் குடியேறிய ஏழை மக்களின் பிழைப்பை ஆராய்ந்து, அவர்கள் வேலையற்றவர்கள் அல்லர், எந்தப் புள்ளிவிவரத்திலும் வராத பற்பல வேலைகளைச் செய்கிறவர்களே என்று எடுத்துக் காட்டினார். 1972-இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் கென்யாவைப் பற்றி வெளியிட்ட அறிக்கை முறைசாரா வேலை என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியது. அதற்கு முந்தைய ஆண்டில், செல்வம் மிக்க அமெரிக்காவிலேயே உழைப்புச் சந்தை ஒன்றன்று, இரண்டு என்று டோரிஞ்சர், பியோரி என்னும் இரு அறிஞர்கள் நூல் எழுதியிருந்தனர்.

நமது பக்கத்துப் பழைய வீடுகளை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். முதற்கட்டில் இருப்பவர்க்கு மாதச் சம்பளம், பதவி உயர்வு, வைப்பு நிதி எல்லாம் உண்டு. இரண்டாங்கட்டில் இருப்பவர்க்கு அன்றன்றைய கூலி மட்டுமே. இரு கட்டிலும் நடப்பது ஒரே வேலையாக இருக்கலாம். கைத்திறனும் ஒன்றாகவே இருக்கலாம். வரவு வேறுபடுவது திறமையினால் அன்று, இடையில் உள்ள கதவினால்.

கதவு இருக்கிறதா, இல்லையா என்பதை எப்படி அறிவது? இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. இரண்டாங்கட்டில் இருப்பவரிடம், முதற்கட்டு வேலையை இப்போது நடைமுறையில் உள்ள சம்பளத்திற்கே தருவதாகச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால், அங்கே தடை ஒன்றும் இல்லை. அவர் தம் விருப்பப்படி இருக்கிறார். சென்னையில் பலசரக்குக் கடை வைத்து நிலைபெற்றுவிட்ட நமது ஊர்க்காரரை ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலைக்கு அழைத்தால் அவர் சிரிப்பார். அவருக்கும் வைப்பு நிதி கிடையாது. ஆனால் அவர் அடைபட்டவர் அல்லர். அதே கடையில் பதினான்கு மணி நேரம் நிற்கிற பையனை அழைத்தால் மறுபேச்சின்றி வருவான். வர விரும்பியும் வர இயலாமல் நிற்கிறவர்கள் இருந்தால், சந்தை பிளவுபட்டிருக்கிறது என்பது பொருள். முறைசாரா வேலையில் உள்ள எல்லாரையும் ஒரே கூட்டமாக எண்ணிப் பரிதாபப்படுவதும், எல்லாரும் விரும்பியே இருக்கிறார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதும் இரண்டுமே தவறு என்பது நமது கருத்து.

ஒரு நாட்டின் பொருளாதார அமைப்பே மாறுகின்ற காலத்தில் இப்பிளவு எவ்வாறு தோன்றுகிறது என்பதைப் பழைய சோவியத் நாடுகளில் கண்கூடாகக் காண முடிந்தது. அங்கு ஒவ்வொரு தொழிலாளிக்கும் தொழிற்புத்தகம் ஒன்று உண்டு. வேலையில் சேர்ந்த நாள், பதவி, விலகிய நாள் ஆகியவை அதில் எழுதப்படும். புத்தகம் ஆலை நிர்வாகத்தின் வசம் இருக்கும். பிற்காலத்தில் ஓய்வூதியத்திற்கு அதுவே சான்று. 1991-இல் அவ்வரசு கலைந்து, 1992 ஜனவரியில் ருஷ்யாவில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டபோது, பல ஆலைகளில் மாதக்கணக்காகச் சம்பளம் வழங்கப்படவில்லை. ஆயினும் மக்கள் பலர் விலகவில்லை. புத்தகத்தை ஆலையிலேயே விட்டுவிட்டு, துருக்கியிலிருந்தும் சீனாவிலிருந்தும் மூட்டை மூட்டையாகச் சரக்கு கொண்டுவந்து தெருச்சந்தையில் விற்றுப் பிழைத்தார்கள். ஏட்டில் வேலை, கூலி இல்லை. சந்தையில் கூலி, ஏடு இல்லை! வேறு சில நாடுகளில் குறைந்தபட்சக் கூலியை மட்டும் கணக்கில் எழுதி, மிச்சத்தை உறையில் போட்டுக் கையில் கொடுக்கும் வழக்கம் பரவியது. உக்ரைன் நாட்டில் நடந்த ஆய்வில், பிறரிடம் ஏடேறாமல் கூலிவேலை செய்தவர்களுள் பெரும்பாலோர் அதனை விரும்பி ஏற்றவர்கள் அல்லர், முறையான வேலை கிடைக்கும் வரை காத்திருந்தவர்களே என்று தெரியவந்தது.

இந்தியாவில் 1991-இல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தம் அத்துணைப் பெரிய இடிபாடு அன்று. இங்கே முதற்கட்டு என்றுமே சிறியதாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு புதுமை நேர்ந்தது. அர்ஜுன் சென்குப்தா தலைமையில் 2004-இல் மத்திய அரசு அமைத்த ஆணைக்குழு, 2004-05-ஆம் ஆண்டுக் கணக்குகளை ஆராய்ந்து, நாட்டின் உழைப்பாளிகளில் நூற்றுக்கு 92 பேர் எவ்வித வேலைப் பாதுகாப்போ சமூகப் பாதுகாப்போ அற்றவர்கள் என்று கூறியது. அதனினும் கருதத்தக்க செய்தி, அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் பெரிய ஆலைகளிலும் நிறுவனங்களிலும் கூடிய வேலைகள் அனைத்தும் முறைசாரா வேலைகளே என்பதாகும். அதாவது இரண்டாங்கட்டு, முதற்கட்டு வீட்டிற்குள்ளேயே புகுந்துவிட்டது.

நமது தறிக்கு வருகின்ற நூலே இதற்குச் சான்று. 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரத் தொழிலாளியாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-இல் சட்டம் இயற்றப்பட்டது. நல்ல சட்டம். ஆனால் பயிற்சியாளர் என்று பெயரிட்டால் அச்சட்டத்திற்கு வெளியே நிறுத்திவிடலாம். 1990-களிலிருந்து கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து ஆலைகள் பல, தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து இளம்பெண்களை மூன்றாண்டுக் காலப் பயிற்சியாளர்களாக அழைத்துச் சென்று விடுதியில் தங்கவைத்து, காலம் முடிந்ததும் திருமணச் செலவிற்கென்று ஒரு மொத்தத் தொகை தருவதாகக் கூறின. சுமங்கலித் திட்டம் என்று அதற்குப் பெயரும் அமைந்தது. இடையில் உடல்நலம் கெட்டுத் திரும்பியவர்கள் பலர் அத்தொகையைக் காணவில்லை. மூன்றாண்டு கதிர் பார்த்த பெண்ணுக்கு நூற்கத் தெரியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஏட்டில் அவள் கடைசி நாள் வரை கற்றுக்கொண்டிருந்தவளே.

இப்பொருளை முழுமையாக விளங்கிக்கொள்ள வேண்டுமானால் பீடித் தொழிலின் வரலாற்றைப் பார்த்தல் வேண்டும். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் ஏர்வாடியிலும் திண்ணைதோறும் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் அமர்ந்திருப்பதை அன்பர்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். மத்தியப் பிரதேசம், ஒடிசா முதலிய இடங்களிலிருந்து வருகிற இலையை நனைத்து, அளவுத் தகட்டை வைத்து வெட்டி, தூளை நிரப்பிச் சுருட்டி, முனை மடக்கி, நூல் கட்டி, 25 பீடி கொண்ட கட்டுகளாகச் சேர்த்துக் கடையில் கொடுத்தால் ஆயிரத்திற்கு இவ்வளவு என்று கூலி. வீட்டிலிருந்து செய்கிற வேலைதானே, பொழுதுபோக்குப் போல என்று ஆண்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆயிரம் பீடி சுற்ற எத்தனை மணி நேரம் ஆகும் என்பதைத் தம் வீட்டுத் திண்ணையில் ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கட்டும்.

இத்தொழில் எப்போதும் திண்ணையில் நடந்ததன்று. முற்காலத்தில் பீடித் தொழிலகங்களில் வரிசையாக அமர்ந்து சுற்றுவோர் மிகுதி. 1958-இல் சென்னை மாநில அரசு பீடித் தொழிலகங்களுக்கென்று ஒரு சட்டம் செய்து, வேலை நேரம், காற்றோட்டம், விடுப்பு ஆகியவற்றை வகுத்தது. சட்டம் தொழிலகத்துக்குப் பொருந்தும் என்றால் தொழிலகமே வேண்டாம் என்று முதலாளிகள் பலர் முடிவு செய்தனர். இலையும் தூளும் இடைத்தரகர் மூலம் வீடுகளுக்குப் போயின. அத்தரகருக்குச் சுயேச்சையான ஒப்பந்தக்காரர் என்று பெயர் சூட்டப்பட்டது. வீட்டில் சுற்றுகிறவர் தரகரின் ஆள். தரகர் தனி வியாபாரி. ஆகையால் கம்பெனிக்குத் தொழிலாளியே இல்லை!

சேலத்துப் பீடித் தொழிலாளர் சங்கம் இதனை எதிர்த்து வழக்காடியது. 1964-இல் சுப்ரீம் கோர்ட்டு, இத்தரகர்கள் பெயருக்குத்தான் ஒப்பந்தக்காரர்கள், உண்மையில் கம்பெனியின் கிளையைப் பார்த்துக்கொள்கிறவர்களே என்று தீர்ப்பளித்தது. 1966-இல் பாராளுமன்றம் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை இயற்றி, வீட்டிலிருந்து சுற்றுகிறவரையும் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டது. அது செல்லும் என்று 1974-இல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. 1976-இல் பீடியின்மீது தனித் தீர்வை விதித்து நலநிதி ஒன்று ஏற்பட்டது. முக்கூடலில் உள்ள பீடித் தொழிலாளர் மருத்துவமனை அவ்வழியில் வந்ததே. 1977-இல் வைப்பு நிதிச் சட்டமும் இத்தொழிலுக்கு விரிவாக்கப்பட்டது. வீட்டில் சுற்றுகிறவரைக் கம்பெனி மேற்பார்வை செய்வதில்லையே, அவர் எப்படி எங்கள் தொழிலாளி ஆவார் என்று முதலாளிகள் கேட்டனர். 1985-இல் சுப்ரீம் கோர்ட்டு கூறிய விடை நினைவில் வைக்கத்தக்கது. சுற்றிவந்த பீடியில் இது தேறாது என்று கழித்துப் போடுகிற உரிமை யாரிடம் இருக்கிறதோ, அவரே மேற்பார்வை செய்பவர், அவரே முதலாளி. கழிவு பிடிக்கும்போது மட்டும் எசமானராக இருந்து, வைப்பு நிதி கட்டும்போது அயலாராகிவிட முடியாது.

இவ்வளவு சட்டம் வந்தபின் கதவு திறந்துவிட்டதா? பாதிதான். பாஸ்புக் பெற்ற பெண்கள் பலர் வைப்பு நிதியும் ஓய்வூதியமும் பெற்றனர். நமது மாவட்டத்தில் அதைக்கொண்டு வீடு கட்டியவர்களும் மகளைக் கட்டிக்கொடுத்தவர்களும் உண்டு. ஆனால் பிளவு வேறிடத்திற்கு நகர்ந்தது. ஒரு பாஸ்புக்கின் பேரில் தாய், மகள், மருமகள் என மூவர் சுற்றுவார்கள். ஏட்டில் ஒருத்தியே இருப்பாள். பாஸ்புக் இல்லாதவர் உள்ளவர் பேரில் சுற்றிக்கொடுத்து, அவர் மூலம் கூலி பெறுவார். ஆயிரம் பீடிக்குப் போதாத இலையைக் கொடுத்துவிட்டுக் குறையை வெளியில் வாங்கிக்கொள்ளச் சொல்லும் வழக்கமும் உண்டு. அந்த இலைக்காசு கூலியிலிருந்து போவது எந்தக் கணக்கிலும் வராது. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது பீடித் தீர்வை நீக்கப்பட்டது. 2019-இலும் 2020-இலும் இயற்றப்பட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தபோது, 1966-ஆம் ஆண்டுச் சட்டம் உட்பட 29 பழைய சட்டங்கள் அவற்றுள் அடங்கின. வீட்டிலிருந்து உழைப்பவர் என்ற வகுப்பு புதிய தொகுப்பிலும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. பெயர் ஏட்டில் இல்லாதவருக்கு அதனால் என்ன கிட்டும் என்பது பழைய கேள்வியே.

கூட்டுறவாளர்களாகிய நாம் மறக்கலாகாத நிகழ்ச்சி ஒன்று இவ்வரலாற்றில் உண்டு. 1966-ஆம் ஆண்டுச் சட்டம் 1968-இல் கேரளத்தில் நடைமுறைக்கு வந்தபோது, கண்ணூர்ப் பக்கத்தில் பீடி சுற்றுவித்து வந்த மங்களூர் நிறுவனங்கள், சட்டப்படி நடப்பதைவிடக் கடையைக் கட்டுவதே மேல் என்று மூடிவிட்டுச் சென்றன. ஏறக்குறைய 12,000 பேர் ஒரே வீச்சில் வேலையிழந்தனர். அவர்கள் 1969 பிப்ரவரியில் மாநில அரசின் கடனுதவியோடு தினேஷ் பீடித் தொழிலாளர் மத்தியக் கூட்டுறவுச் சங்கத்தையும், அதன் கீழ்த் தொடக்கச் சங்கங்களையும் அமைத்தனர். வேலை வீட்டிலன்று, கூடத்தில். ஒருவர் பத்திரிகை படிக்க மற்றவர் கேட்டுக்கொண்டே சுற்றுவது பழைய வழக்கம், அதுவும் தொடர்ந்தது. கூலி, வைப்பு நிதி, விடுப்பு எல்லாம் சட்டப்படி வழங்கப்பட்டன. நல்ல நாளில் 40,000-க்கு மேற்பட்டோர் அதில் உழைத்தனர். பிற்காலத்தில் பீடி பிடிப்போர் குறைந்தபோது உணவுப் பொருள், குடை முதலியவற்றிலும் இறங்கினார்கள். முறையான வேலை கொடுத்தால் தொழில் தாங்காது என்று சொன்னவர்கள் மூடிவிட்டுப் போன இடத்தில், தொழிலாளிகளே அவ்வேலையைக் கொடுத்துப் பல பத்தாண்டுகள் நடத்திக் காட்டினர். சங்கம் என்பது முதற்கட்டுக் கதவைத் திறக்கும் சாவியாக இருக்க முடியும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்றை நாம் அறியோம்.

இனி நமது வீட்டிற்கு வருவோம். கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் நூல் கொடுத்துச் சேலை வாங்குகிறது. கூலி ஏட்டில் எழுதப்படுகிறது. சேமிப்புப் பாதுகாப்புத் திட்டம், காப்பீடு, ஓய்வூதியம் ஆகியவை அந்த ஏட்டை வைத்தே கிடைக்கின்றன. வெளியில் ஜவுளி வியாபாரியிடம் முன்பணம் வாங்கி நெய்கிறவருக்கு இவை இல்லை. ஆகவே சங்கத்து நெசவாளர் முதற்கட்டில் இருக்கிறார் என்று நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் தறியில் அமர்ந்திருப்பவர் ஒருவரைக் கொண்டு சேலை நெய்யப்படுகிறதா? நூலைப் பிரித்து இழைக்க வேண்டும், தார் சுற்ற வேண்டும், பாவு ஓட்ட வேண்டும், கஞ்சியிட வேண்டும், இழை பிணைக்க வேண்டும். தார் சுற்றும் கை ஓய்ந்தால் நாடா ஓடாது. இவ்வேலைகளைப் பெரும்பாலும் மனைவியும் வயது முதிர்ந்த தாயாருமே செய்கின்றனர். கூலி ஏட்டில் ஒரே பெயர்தான் இருக்கிறது.

2019-20-இல் எடுக்கப்பட்ட நான்காம் கைத்தறிக் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் கைத்தறியில் உழைப்போர் 35.22 லட்சம் என்று கண்டனர், நெய்கிறவர் 26.73 லட்சம், துணை வேலை செய்வோர் 8.48 லட்சம். மூன்று தறிக்கு ஒருவர் தார் சுற்றினால் போதும் என்பது போல் இக்கணக்கு தோன்றுகிறது. தறி வைத்திருக்கும் எந்த அன்பரும் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். வீட்டில் இருப்பவர் சும்மா ஒத்தாசை செய்கிறார் என்று சொல்லிவிட்டால் எண்ணுகிறவரும் எழுதாமல் போய்விடுகிறார் போலும். வீரவநல்லூர்ச் செடிபுட்டாச் சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாம் அனைவரும் மகிழ்ந்தோம். அச்சேலையின் பெயர் அரசாங்கப் பதிவேட்டில் ஏறிவிட்டது. அதற்குத் தார் சுற்றியவரின் பெயர் சங்கத்துப் பதிவேட்டில் கூட இல்லை.

இதனால் விளையும் தீங்கை ஏடுகளைப் பார்வையிடும்போது அடிக்கடி காண்கிறோம். தறிக்காரர் காலமாகிறார். முப்பது ஆண்டுகள் அவருக்கு ஈடாக உழைத்த மனைவி சங்கத்திற்கு வந்து நிற்கிறார். வாரிசு என்ற முறையில் கணவர் பேரில் உள்ள தொகை கிடைக்கும். ஆனால் அவருடைய சொந்த உழைப்பிற்கு ஒரு நாள் கூடக் கணக்கில்லை. ஐம்பத்தைந்து வயதில் அவர் புதிய அங்கத்தினராக, முதல் நாள் வேலைக்கு வந்தவராக எழுதப்படுகிறார். அதுவும் இரக்கமுள்ள காரியதரிசி இருந்தால்.

இதற்கு வழி கடினமானதன்று. சேலை ஒன்றின் கூலி 1,000 ரூபாய் என்றும், மாதம் எட்டுச் சேலை நெய்யப்படுகிறது என்றும் கணக்கின் பொருட்டு வைத்துக்கொள்வோம். 8,000 ரூபாயும் இப்போது ஒரு பெயரில் ஒரு வரியில் எழுதப்படுகிறது. நெசவுக்கு 800, முன்வேலைக்கு 200 என்று பிரித்தால், தறிக்காரர் பெயரில் 6,400, தார் சுற்றியவர் பெயரில் 1,600 என இரு வரி ஆகும். குடும்பத்திற்கு வருவது அதே 8,000. சங்கத்திற்கும் ஒரு காசு கூடுதல் செலவில்லை. ஆனால் ஓராண்டு முடிவில் அப்பெண்ணின் பெயரில் 19,200 ரூபாய் கூலி பெற்றதற்கான எழுத்து இருக்கும். அவர் பங்குத் தொகை கட்டி அங்கத்தினராகவும், துணை வேலை செய்பவர்க்கு இடமில்லாத துணைவிதிகள் உள்ள சங்கங்களில் மகாசபை அதனைத் திருத்தவும், அவ்வெழுத்து ஆதாரமாக அமையும். என் பேரில் கூலி குறைந்தால் என் சேமிப்பும் குறையுமே என்று தறிக்கார அன்பர்கள் கேட்கலாம். குறையும். அந்தக் குறைவு இத்தனை நாள் யாருடையதாக இருந்தது என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதைவிடக் கசப்பான செய்தி ஒன்றையும் எழுதாமல் விட முடியவில்லை. சில இடங்களில் தறி ஒருவர் பெயரில் இருக்கும். அவர் மும்பையிலோ திருப்பூரிலோ இருப்பார். நெய்கிறவர் வேறொருவர், அங்கத்தினர் அல்லாதவர். கூலி இல்லாதவர் பெயரில் எழுதப்பட்டு, உள்ளவர் கைக்கு ஒரு பகுதி கழிந்து போய்ச் சேரும். நலத்திட்டம் விட்டுப்போகாமல் இருக்கவும், தேர்தலில் ஓட்டு குறையாமல் இருக்கவும் இவ்வாறு செய்வதாகச் சொல்வார்கள். பீடிக் கடையில் ஒரு பாஸ்புக்கில் மூவர் சுற்றுவதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன? அங்கே அதைச் செய்தது லாபம் தேடும் கம்பெனி. இங்கே செய்வது நாம் பங்கு போட்டு வைத்த சங்கம். நெய்கிறவரை அங்கத்தினராக்குவதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. குறுக்கே நிற்பது நிர்வாகக் குழுவின் சௌகரியமே.

விவசாய அங்கத்தினர்கள் இதுவரை படித்து, நெசவாளர் கதைதானே என்று இருந்திருக்கலாம். களக்காடு, நாங்குநேரிப் பக்கத்தில் வாய்மொழிக் குத்தகைக்கு நிலம் பிடித்து ஏத்தன் வாழை வைத்திருப்பவர் எத்தனை பேர்? கன்று, உரம், முட்டுக்கம்பு எல்லாம் அவர் செலவு. காற்றடித்து வாழை சாய்ந்தால் நட்டமும் அவருடையதே. ஆனால் பயிர்க் கடனும், காப்பீடும், அரசு தரும் நிவாரணமும் பட்டாவையும் அடங்கலையும் பார்த்து வருகின்றன. அடங்கலில் சாகுபடியாளர் பெயர் ஏறாவிட்டால் நிவாரணம் நிலத்துக்காரரைத் தேடிப் போகும். அவர் மனமிரங்கிக் கொடுத்தால் உண்டு. குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்வதற்கென்றே 1969-இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பதிவு செய்தால் அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காது என்ற அச்சத்தினால் பலர் அப்பக்கம் போவதில்லை. அச்சம் பொய்யன்று. சோதனையை இவருக்கு வைத்துப் பார்த்தாலும் அதே விடைதான்: ஏட்டில் ஏற விரும்புகிறார், ஏற முடியவில்லை. கடன் சங்கங்கள் குத்தகைச் சாகுபடியாளர்களைக் கூட்டுப் பொறுப்புக் குழுக்களாகச் சேர்த்துக் கடன் தருவதற்கு வழி இருக்கிறது. காரியதரிசிகள் அதனைக் கேட்டு வருகிறவரிடம் மறைக்காமல் சொன்னால் போதும்.

வாழைத்தார் வெட்டிச் சுமக்கிறவர், களை பறிக்கிறவர் ஆகியோருக்கு அங்கத்தினர்கள் செய்யக்கூடியது சிறியதே, ஆயினும் உண்டு. 2021 ஆகஸ்டு முதல் மத்திய அரசு நடத்தும் இ-ஷ்ரம் பதிவில் 16 முதல் 59 வயது வரை உள்ள அமைப்புசாராத் தொழிலாளர் பெயர் கொடுக்கலாம். ஆதார் எண் வேண்டும். தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த நலவாரியங்கள் கல்வி, திருமணம், மகப்பேறு, இயற்கை மரணம் ஆகியவற்றிற்கு உதவுகின்றன. கைத்தறி நெசவுத் தொழிலாளர்க்குத் தனி வாரியம் இருக்கிறது. சிறு விவசாயிகளும் விவசாயத் தொழிலாளரும் 2011-ஆம் ஆண்டின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் வருவார்கள். வாரியப் பதிவுக்கு அவர் இந்த வேலைதான் செய்கிறார் என்று சான்று கேட்பார்கள். தார் சுற்றுகிறவர் அச்சான்றுக்கு அலைய நேர்வது இதனால்தான். சங்கத்தின் கூலி ஏட்டில் மேலே சொன்ன இரண்டாவது வரி இருந்தால், அதன் நகலில் காரியதரிசி முத்திரை வைத்துக் கொடுக்கலாம். வேறு எவரையும் கேட்க வேண்டியதில்லை. வரும் மகாசபைக்கு முன்பாக ஒவ்வொரு சங்கமும் தறிவாரியாக இரண்டு பெயர் கேட்டு ஒரு பட்டியல் எடுத்து வைத்திருந்தால், ஆய்வுக்கு வரும்போது அதனை முதலில் பார்க்க விரும்புகிறோம்.